கூட வந்தவரிடம் மட்டும் சொன்னது

பெரியவனே,

நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நான் நலம் என்று அடுத்த வரியை வழக்கம்போல் எழுதப் போய்ப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்பது எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் அந்த வரியை நீயே நிரப்பிக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருக்கிறது, பேனாவைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இதை ஃபோனில் சொல்லக் கூடாதா என்பாய். ஃபோனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ, அம்மா நீ ஒண்ணும் கவலைப்படாதே, எல்லாம் நான் பாத்துக்கிறேன் என்பாய். நீ பார்த்துக்கொண்ட லட்சணத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். காகிதத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மாமா குளியலறையில் பல்பு மாட்டுகிறேன் என்று ஸ்டூலில் ஏறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இன்னும் படுக்கையில்தான் இருக்கிறான், படுத்துக்கொண்டே எல்லாருக்கும் உத்தரவு போடுகிறான், வாய்க்கு மட்டும் ஒரு பிடிப்பும் இல்லை. நம் கண்ணாடிக் கடை பரவாயில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் மறுபடியும் தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து நசுக்கிக்கொண்டு வந்தார், கண்ணாடியைத் தேடுவதற்கு இன்னொரு கண்ணாடி செய்து கொடுங்கள் என்கிறார். முன்பென்றால் அந்தக் காதுப்பட்டை ஸ்க்ரூவைப் பேசிக்கொண்டே திருகிக் கொடுத்திருப்பேன். இப்போது கடுகு மாதிரி இருக்கும் அந்த ஸ்க்ரூ என் விரலில் இருப்பதே தெரியாமல் கீழே விழுந்து உருளுகிறது, அவரே குனிந்து தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, அவசரமில்லைம்மா என்று தலையைத் திருப்பிக்கொண்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் இடுப்புக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அது பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு அவன் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போயிருப்பான், நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போயிருப்பேன், இன்றைக்கும் ஒன்றும் தெரியாத மக்காகவே இருந்திருப்பேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். ரத்தம் போக ஆரம்பித்தபோது மூலம் என்று நானே முடிவு செய்து, மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினேன். பிறகு கேமரா விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டி என்றார்கள், புற்றுநோய் என்றார்கள். அதை என் முகத்துக்கு நேராகத்தான் சொன்னார்கள், நான் மயங்கி விழவில்லை, ஆபரேஷனுக்கு என்றைக்கு வர வேண்டும் என்றுதான் கேட்டேன். ஆபரேஷன் செய்த டாக்டர் முந்தின நாள் என் கட்டிலருகே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார், கட்டியோட சேத்து பக்கத்துல இருக்கிற நிணநீர்க் கணுவையும் எடுப்போம்மா, கால்ல புண் வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுமே, அந்த மாதிரிதான், குடலை ஒட்டியும் சின்னச் சின்னதா இருக்கும், நோய் இடம் விட்டுக் கிளம்பினா பெரும்பாலும் முதல்ல அங்கதான் போய்த் தங்கும், அதைச் சோதிச்சுப் பாத்தாத்தான் அடுத்து என்ன செய்யணும்னு தெரியும் என்றார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கட்டி எவ்வளவு பெரிது என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, கணு என்ன ஆயிற்று என்ற ஒரே கேள்விதான் எனக்கு. மயக்கம் தெளிந்ததும் நான் அதைத்தான் கேட்டேனாம், உன்னைப் பற்றிக்கூடக் கேட்கவில்லையாம், மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

சோதனை முடிவு வந்த அன்று பெரிய டாக்டரின் அறைக்கதவைத் திறந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். என் பெயரைக் கூப்பிட்டாள், நான் எழுந்தேன். கூட வந்தவங்க யாரு என்றாள். மாமா கையைத் தூக்கினான். நீங்க உக்காருங்கம்மா, அவங்க மட்டும் வரட்டும் என்றாள். வயிற்றைக் கிழித்துத் தைத்தது எனக்கு, உள்ளே போனது அவன். நான் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வெளியே வந்து கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அக்கா எல்லாக் கணுவும் சுத்தமாம், கட்டியோட எல்லாம் போச்சாம், சும்மா ஒரு பாதுகாப்புக்குக் கொஞ்ச நாள் மருந்து ஏத்துவாங்களாம் என்றான். அன்றைக்குச் சாயங்காலமே நீயும் ஃபோன் செய்து, கண்டம் தாண்டியாச்சும்மா என்று சொன்னாய், உன் குரல் கம்மியிருந்தது, மகன் சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் அழுதேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, பிழைத்துவிட்டேன் என்று வாய்விட்டு அழுதேன். எல்லாம் தெரிந்த பிறகு மற்றதையெல்லாம்கூட விழுங்கிக்கொள்ள முடிகிறது. அந்த அழுகையை நினைத்தால் மட்டும் வயிறு எரிகிறது. என்னை ஏமாற்றி அழ வைத்தீர்கள், அதுவும் சந்தோஷமாக.

மருந்து ஏற்றும் அறையில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு டீச்சர் உட்காருவார். ரிட்டையர் ஆகியும் வாய் ஓயாத மனுஷி, நர்சுகளுக்கே ஒழுங்கா வரிசையில வாங்க என்று பாடம் நடத்துவார். அவருக்கும் அதே இடத்தில் அதே நோய். முதல் நாளே, எனக்கு கணுவுக்குப் போயிருச்சு, உங்களுக்கு என்றார். எனக்கு எல்லாம் சுத்தம் என்றேன். கொடுத்து வச்சவங்க நீங்க என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன் பெரியவனே, தைரியமா இருங்க என்று சொன்னேன், மனதுக்குள் ஐயோ பாவம் என்றும் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை மருந்து ஏறியதிலிருந்து விரலில் ஊசி குத்த ஆரம்பித்தது. ஃபிரிட்ஜில் கை வைத்தால் ஷாக் அடித்த மாதிரி இருந்தது, பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகியது. கடையில் ஒரு நாள் ஒரு சின்னப் பெண்ணின் லென்ஸ் கை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது, இத்தனை வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு லென்ஸ் விழுந்ததில்லை. அன்றைக்குத்தான் யோசித்தேன். கணு எல்லாம் சுத்தம். மருந்து சும்மா ஒரு பாதுகாப்புக்கு. சும்மா ஒரு பாதுகாப்புக்காகச் சோறு போடுகிற விரலை யாராவது கொடுப்பார்களா. இனிமேல் போக மாட்டேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். நீயே சொல், நீங்கள் சொன்னதை வைத்துக்கொண்டு பார்த்தால் நான் செய்ததில் என்ன தப்பு. அவன் திருதிருவென்று முழித்தான், இல்லக்கா, வந்து, என்று மென்று முழுங்கினான். அடுத்த முறை போகவில்லை, அதற்கடுத்த முறையும் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை.

தையல் போட்ட இடத்தைக் காட்டி வர வேண்டிய நாள் வந்தபோது மாமா படுத்திருந்தான், நான் தனியாகப் போனேன். பெரிய டாக்டர் லீவு. அவர் இடத்தில் ஒரு சின்னப் பெண் டாக்டர், மூக்கில் நிற்காமல் வழுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதைச் சரி செய்து கொடுக்க என் கை துறுதுறுத்தது. ஏம்மா மருந்தை நிறுத்திட்டீங்க என்றாள். கணுதான் சுத்தமாச்சே டாக்டர், எதுக்கு வீணா என்றேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கூட வந்தவங்க யாரு, வெளியில இருந்தா கூப்பிடுங்க என்றாள். நான்தான் டாக்டர், என்கூட நானேதான் வந்திருக்கேன், சொல்லுங்க என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க, அதை முதல்ல சொல்லுங்க என்றாள். சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இல்லம்மா, எடுத்த கணுவுல மூணுல நோய் இருந்துச்சு என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், நான் கேட்கிற வரைக்கும் மேலே ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன். ஈரலுக்குப் போயிருக்கிறதா என்றேன், ஸ்கேன்ல வேற எங்கயும் தெரியலை என்றாள். மூணு என்றால் அதிகமா என்றேன், மூணு வரைக்கும் ஒரு வகை, நாலும் அதுக்கு மேலயும் போனா இன்னும் கஷ்டம் என்றாள். நான் இருப்பேனா என்றேன். அவள் மழுப்பவில்லை. கணுவெல்லாம் சுத்தமா இருந்தா பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு மேல அஞ்சு வருஷம் தாண்டிருவாங்கம்மா, கணுவுக்குப் போயிருந்து ஆபரேஷனோட விட்டுட்டா ஏறக்குறைய பாதிப் பேர்னு வச்சுக்குங்க, மருந்தையும் ஒழுங்கா முடிச்சா ஏழு பேர் கிட்ட வருவாங்க, ஆனா இது கூட்டத்துக்குச் சொல்ற கணக்கு, உங்க ஒருத்தருக்கு என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது என்றாள். பஸ்ஸில் வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பாதிக்கும் ஏழுக்கும் நடுவில் ரெண்டு பேர் நிற்கிறார்கள். மருந்து எடுத்தால் இருப்பார்கள், எடுக்காவிட்டால் போய்விடுவார்கள், அந்த ரெண்டு பேர். அதில் ஒருத்தி உன் அம்மாவாக இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா. விட்ட நாட்களால் என்ன ஆகும் என்றும் கேட்டேன், விடாம இருந்திருந்தா நல்லது, எவ்வளவு நஷ்டம்னு எனக்குச் சொல்லத் தெரியலை, பொய் சொல்ல மாட்டேன், இன்னைக்கே மறுபடியும் ஆரம்பிக்கலாம் என்றாள். விரலைக் காட்டினேன். தொட்டுப் பார்த்து, கண்ணை மூடச் சொல்லிக் குத்திப் பார்த்துவிட்டு, இதைச் செய்யறது ரெண்டுல ஒரு மருந்துதான், அதைக் குறைக்கலாம், தேவைன்னா நிறுத்திட்டு மாத்திரையா இருக்கிற இன்னொண்ணை மட்டும் தொடரலாம், அப்பவே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்போமே என்றாள். யாரிடம் சொல்லியிருப்பேன் நான். என்னைத்தான் அறைக்குள்ளேயே விடவில்லையே.

வீட்டுக்கு வந்து மாமாவின் கட்டிலுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எழுந்து ஓட முடியாதவனிடம் விசாரிப்பது எவ்வளவு சௌகரியம் தெரியுமா. மூணு கணு என்று மட்டும் சொன்னேன், அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். பெரியவன்தான்க்கா சொல்ல வேணாம்னான், அப்பாகிட்ட அவர் நோயைச் சொன்ன அன்னைக்கே அப்பா படுத்துட்டாரு, அப்புறம் எழுந்திருக்கவே இல்ல, அம்மாவும் அப்படி ஆயிரக் கூடாதுன்னான் என்றான். முடிவு வந்த அன்று நீ அப்படிச் சொன்னதைக்கூட நான் புரிந்துகொள்வேன். தூரத்தில் இருக்கிறாய், பயந்திருப்பாய். ஆனால் நான் மருந்தை நிறுத்துகிறேன் என்றபோது அவன் பதறிப்போய் உனக்கு ஃபோன் செய்திருக்கிறான். அப்போது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. வற்புறுத்தாதீங்க மாமா, வற்புறுத்தினா அம்மாவுக்குச் சந்தேகம் வந்துரும், கொஞ்ச நாள் போகட்டும், நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன் என்றாயாம். எனக்கு மருந்து ஏற வேண்டும் என்பதைவிட எனக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பது உனக்குப் பெரிதாகிவிட்டது. பிறகு வாரம் தவறாமல் ஃபோன் செய்தாய், குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாய், அங்கே மழை என்று சொன்னாய், அந்தப் பக்குவம் மட்டும் வரவே இல்லை. உன் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அவர் நோயைக் கேட்டுப் படுக்கவில்லை, அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே சலித்துப்போய்ப் படுக்க ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தார். நான் அவர் இல்லை. அவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, கடையும் நடத்தி, உன்னையும் ஆளாக்கியவள், ஒரு சேதியைக் கேட்டுச் செத்துப்போவேன் என்று எப்படி நினைத்தாய்.

என் தொழிலில் ஒருத்தருக்குப் பவர் ஏறியிருந்தால் ஏறியிருக்கிறது என்று சொல்லித்தான் கண்ணாடி கொடுப்பேன். மனசு கஷ்டப்படுமே என்று குறைத்துப் போட்டுக் கொடுத்தால் அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார், மாடிப்படியில் உருண்டு விழுவார். நீங்கள் எனக்குப் போட்டுக் கொடுத்தது அந்தக் கண்ணாடிதான். பாசத்தில் செய்தோம் என்று எழுதாதே, பாசம் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் இவ்வளவு கசக்கிறது. வேண்டாதவன் செய்திருந்தால் ரெண்டு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

மறுபடியும் மருந்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், அளவைக் குறைத்திருக்கிறார்கள். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது டீச்சர் அதே நாற்காலியில் இருந்தார், அவருக்கு அன்றைக்கு முடிகிறது, கடைசித் தடவை. தலைமுடி மெலிந்து, கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. வாய் ஓயாத அந்த மனுஷி ஒரு வார்த்தை பேசாமல், பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். ஐயோ பாவம் என்று நினைத்தேனே அவரை, அவர் எல்லாம் தெரிந்து முழுதும் முடித்துவிட்டார், நான் ஒன்றும் தெரியாமல் பாதியில் நிற்கிறேன். பெரிய டாக்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், இனி என் சேதியை என்னிடம்தான் சொல்ல வேண்டும், கூட யார் வந்தாலும் நான் இல்லாமல் கதவைச் சாத்தக் கூடாது என்றேன். வீட்டுக்காரங்க கேட்டுக்கிட்டாங்கம்மா, பொதுவா இப்படித்தான் செய்யறது என்றார். நோய் வீட்டுக்காரங்களுக்கு வரலையே டாக்டர் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன், தீரவில்லை. அடுத்த விமானம் பிடித்து ஓடி வந்து காலில் விழுகிற வேலையெல்லாம் வேண்டாம், எனக்கு உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கும்போது நானே கூப்பிடுகிறேன். மாமாவையும் திட்டாதே, அவனை நான் போதுமான அளவு திட்டிவிட்டேன், இடுப்பு சரியானதும் மிச்சத்தையும் திட்டுவேன். குழந்தைக்குச் சளி பிடித்தால் உடனே மருந்தை ஊற்றாதே, வெந்நீர் கொடு. மருமகள் வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிறாள், ராத்திரி பாத்திரத்தையாவது நீ கழுவு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், எனக்குக் கிடைக்காவிட்டாலும் நீண்ட ஆயுளோடு, ஒருத்தருக்கொருத்தர் ஒளிக்காமல் வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

கடைசியாக ஒன்று. மருமகள் போன வாரம் என்னிடம் பேசியபோது உனக்கு அவ்வப்போது ரத்தம் போகிறது என்று சொல்லிவிட்டாள். அவளிடம் சண்டைக்குப் போகாதே, உங்கள் எல்லாரிலும் என்னிடம் உண்மை பேசுகிற ஒரே ஆள் அவள்தான். நீ அதை மூலம் என்கிறாயாம், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் வருகிறது என்கிறாயாம், களிம்பு தடவுகிறாயாம். நானும் மூலம் என்றுதான் சொன்னேன், நானும் களிம்புதான் தடவினேன். அம்மாவுக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைகள் கேமரா விட்டுப் பார்க்க வயதாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ரத்தம் வேறு போனால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னாள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் ஆஸ்பத்திரிக்குப் பேசி நாள் வாங்கு. அங்கேயும் கதவைத் திறந்து கூட வந்தவங்க யாரு என்று கேட்டால் மருமகளைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்திருக்காதே, நீயே எழுந்து உள்ளே போ. என்ன சொன்னாலும் முழுதாகக் கேள். கேட்டுவிட்டு அன்றைக்கே ஃபோன் செய், மாமாவுக்கு இல்லை, எனக்கு.

இப்படிக்கு,
எதையும் கேட்டுத் தாங்கக்கூடிய
உன் அம்மா